ஆயாவின் முள்வாங்கி

இவ்வாண்டு மலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் எழுதித் தருமாறு நண்பரொருவர் எம்மைக் கேட்டனர். முள் எடுப்பதைப் பற்றி எழுதக் கருதியுள்ளோம் என்று யாம் விடையிறுத்தபோது அவர் நகைத்தார். காவியங்களின் நயமும், கல்வியின் பயனும், நாட்டின் நலமும் ஆராயப்பெறும் பக்கங்களிலே காலில் தைத்த முள்ளுக்கும் இடமுண்டோ என்பது அவரது ஐயம். “உள்ளங்காலில் ஒரு முள் ஒடிந்து கிடக்கும்பொழுது எந்தக் காவியத்தையேனும் எடுத்து நான்கு பக்கம் படித்துப் பாரும்” என்றோம். அதன்மேல் அவர் ஒன்றும் கூறிற்றிலர். அவ்வளவில் கிடைத்த அனுமதியைப் பற்றிக்கொண்டு இதனை எழுதத் துணிந்தோம்.

யாம் வளர்ந்தது ஆம்பூரில், எம் தாயைப் பெற்றவளின் இல்லத்தில். எங்கள் பக்கத்தில் அவளை ஆயா என்றே அழைப்பர். அவளது இடுப்பில் எப்பொழுதும் ஒரு சுருக்குப்பை இருக்கும். வெற்றிலை, பாக்கு, சில்லறைக் காசு இவற்றினிடையே ஒரு சிறு இரும்பு வளையமும் அதில் கிடக்கும். அவ்வளையத்தில் மூன்று கருவிகள் கோக்கப்பட்டிருந்தன: காதுக்குறும்பி வாங்கி ஒன்று, ஊசி போன்ற கூரிய கம்பி ஒன்று, முள்வாங்கி ஒன்று. முள்வாங்கியின் இரு நுனிகளும் தேய்ந்து தேய்ந்து ஒன்றோடொன்று நகமும் சதையும்போலப் பொருந்தியிருக்கும். தெருவிலுள்ள பிள்ளைகள் நொண்டிக்கொண்டு எங்கள் திண்ணைக்கு வருவதை யாம் நாள்தோறும் கண்டதுண்டு. காலணியோடு பள்ளி செல்லும் வழக்கம் அக்காலத்தில் எங்கள் தெருவில் அருகியிருந்தது.

முட்களிலும் சாதி வேற்றுமை உண்டு என்பாள் ஆயா. நெருஞ்சி ஏழை முள். தைத்தவுடன் கையாலேயே எடுத்தெறிந்துவிட்டு நடக்கலாம். இலந்தை முள் வளைந்தது. இழுத்தால் சதையைக் கிழித்துக்கொண்டு வரும், ஆதலின் அது நுழைந்த வழியே பின்வாங்கச் செய்தல் வேண்டும். கருவேல முள் வெளுத்து நீண்டு நேராக இருக்கும். ஆழச் செல்லினும் அது நேர்மையானது, இழுத்தால் வந்துவிடும். சப்பாத்திக்கள்ளியின் பழத்தைப் பறிக்கப் போன கையில் ஏறும் மயிர்போன்ற சுணையோ கண்ணுக்கே தெரியாது. அதற்கு முள்வாங்கி பயன்படாது. கஞ்சியின் பசையைத் தடவி, காயவிட்டு, உரித்தெடுப்பாள். எல்லாவற்றினும் கொடியது சீமைக்கருவேல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்திற்கு விறகின்பொருட்டுக் கொண்டுவரப்பட்ட அம்மரம், இன்று நீரற்ற பாலாற்று மணலிலும் ஏரிக்கரைகளிலும் தானே அரசாள்கின்றது. அதன் முள் செருப்பின் அடியையும் துளைக்கும், மிதிவண்டியின் சக்கரத்தையும் துளைக்கும். உள்ளே ஒடிந்தால் அவ்விடம் வீங்கிப் பல நாள் குத்தும்.

அவள் முள் எடுக்கும் முறையைச் சிறிது விரித்துக் கூறுதல் வேண்டும். பிள்ளையை வாசற்படியில் வெளிச்சத்துக்கு எதிராக அமர்த்துவாள். காலை வெந்நீரும் சவர்க்காரமும் இட்டுக் கழுவுவாள். கழுவாத காலை அவள் தொட்டதே இல்லை. பிறகு தன் கட்டைவிரலை முள் தைத்ததாகச் சொல்லும் இடத்தைச் சுற்றி மெல்ல அழுத்திக்கொண்டே, “இங்கேயா? இங்கேயா கண்ணு?” என்று கேட்பாள். இல்லை, இல்லை என்று கூறிவரும் பிள்ளை ஓரிடத்தில் ‘ஆ’ என்று காலை இழுக்கும். அவ்விடத்தில் விரலை நிறுத்திவிடுவாள். “அதுதான் வாசல்” என்பாள். அவளுக்குக் கண் மங்கத் தொடங்கிய பின்னரும் இத்தொழில் தடைப்படவில்லை. முள் இருக்குமிடத்தைக் காட்டியது அவள் கண்ணன்று, பிள்ளையின் வலியே.

அதன்பின் கம்பியை விளக்கின் சுடரில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, கரியைத் துடைப்பாள். முள் கிடக்கும் போக்கிலேயே மேல்தோலை மட்டும் நீளவாட்டில் கீறித் திறப்பாள், குறுக்கே கீறமாட்டாள். முள்ளின் தலை தெரிந்ததும் முள்வாங்கியாற் பற்றி, அது நுழைந்த சாய்விலேயே இழுப்பாள். இரத்தம் சிறிது வரட்டும் என்று விட்டு, மறுபடி கழுவி, மஞ்சள் குழைத்த எண்ணெயைத் தடவுவாள். இறுதியில் ஒரு சடங்கு உண்டு. எடுத்த முள்ளைப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்து, “முனை இருக்கிறதா பார்” என்பாள். முனை கூர்மையாக இருந்தால் பிள்ளை விளையாடப் போகலாம். மழுங்கியிருந்தால் பாதி உள்ளே உள்ளது என்று பொருள். அன்றிரவு கட்டு உண்டு.

இக்கட்டுகளே வீட்டு வைத்தியம் எனப் பெரும்பாலும் பேசப்படுபவை. சுட்ட வெங்காயத்தை நசுக்கி வைத்துக் கட்டுவது ஒன்று. பெருங்காயத்தை நீரிற் குழைத்து அப்புவது ஒன்று. ஆமணக்கிலையில் விளக்கெண்ணெய் தடவி அனலிற் காட்டி ஒட்டுவது ஒன்று. வெல்லமும் சுண்ணாம்பும் குழைத்து வைப்பது ஒன்று. எருக்கம்பாலைச் சொட்டுச் சொட்டாக விடுவது இன்னொன்று. மறுநாட் காலையில் முள் தானே மேலெழுந்து நிற்கும் என்பது நம்பிக்கை. சில வேளைகளில் நின்றதும் உண்டு. இப்பொழுது எண்ணிப் பார்க்குமிடத்து, இவற்றுள் வெதுவெதுப்பான கட்டுகள் செய்தது தோலை ஊறவைத்து மென்மையாக்கியதேயாம் என்று தோன்றுகிறது. பெருங்காயத்திற்கு முள்ளை இழுக்கும் ஆற்றல் உண்டென எம்மால் நம்ப இயலவில்லை. மரச் சிராயாயின் நீண்ட நேரம் ஊறவைத்தல் தீங்காகவும் முடியும். சிராய் நீரை உண்டு பருத்து, இழுக்கும்போது நார் நாராகப் பிய்ந்துவிடும். வெல்லமும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டு தோலைப் பொசுக்கும். எருக்கம்பாலோ இவற்றுள் அஞ்சத்தக்கது. அப்பால் பட்ட விரலால் கண்ணைக் கசக்கினால் விழியின் கருமணி புண்பட்டுப் பார்வை மங்கும். எம் தங்கை ஒருமுறை அவ்வாறு செய்துவிட்டு இரண்டு நாள் கண்ணைத் திறக்க மாட்டாமல் துடித்தாள். அன்றோடு எருக்கம்பால் எங்கள் வீட்டில் தள்ளுபடியாயிற்று. பிழை கண்டால் விலக்கும் இயல்பு ஆயாவினிடம் இருந்தது. அவள் முறையில் கொள்ளத்தக்கவை சவர்க்காரமும், சுடரிற் காய்ச்சிய கம்பியும், நல்ல வெளிச்சமும், பொறுமையுமே. அவற்றை இன்றைய மருத்துவரும் மறுக்கமாட்டார்.

எம் தாத்தா தோல் பதனிடும் சாலையொன்றில் பட்டைக் கிடங்கில் வேலை செய்தவர். குரோம் உப்பு பெருவழக்காவதற்கு முன்னர், வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயுமே தோலைப் பதப்படுத்தின. சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்து மயிர் நீங்கிய தோல், பட்டைச் சாற்றில் ஊறித் துவர்ப்பேறிப் பழுப்பு நிறம் பெறும். காட்டிலிருந்து கட்டுக் கட்டாக வரும் பட்டையை அவிழ்த்து, உதறி, இடிப்பதற்கு அனுப்புவது தாத்தாவின் பணி. மாலையில் அவர் கைகளை விரித்து நீட்டுவார், ஆயா விளக்கைக் கொண்டுவருவாள். எமக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவ்விருவரும் தனியே அமர்ந்து பேசியது அந்த ஒரு வேளையிற்றான். பட்டைச் சிராய்கள் ஒவ்வொன்றாக வெளிவரும். விலைவாசியும், உறவினரின் வழக்கும், பெண்ணின் கல்யாணமும் அவற்றோடு தீர்மானமாகும். சுண்ணாம்புத் தொட்டியில் நிற்பவர்களின் கை ஊறி வெந்திருப்பதால் அவர்களுக்குச் சிராய் இன்னும் எளிதில் ஏறுமென்று தாத்தா சொல்வார். பட்டைச் சாறு பட்ட புண் சீழ் பிடிக்காது என்றும் சொல்வார். தன் தொழிலின்மேல் அவர்க்கிருந்த அபிமானம் அது.

அபிமானம் பெரிது, ஆயினும் தோல் தொழிலில் ஒரு சிறு துளையும் பெரும்பகைக்கு வாயிலாகலாம். மாட்டுக்கு வரும் அடைப்பான் நோயின் கிருமி, விதைபோல உறங்கும் நிலையிற் பச்சைத் தோலில் நெடுங்காலம் தங்கவல்லது. முள்ளோ சிராயோ குத்திய கையால் அத்தோலைத் தூக்கினால் அவ்வழியே உடம்பினுட் புகும். முதலிற் சிறு கொப்புளம் தோன்றும், பின்னர் நடுவில் கரிபோற் கறுத்த பொருக்கு உண்டாகும். அப்புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையென்று தொழிலாளர் அதனைப் பொருட்படுத்தாது விடுவதே ஆபத்து. காலத்தே மருந்து கொடுத்தால் எளிதிற் குணமாகும். மண்ணிலும் சாணத்திலும் உறையும் ரணஜன்னியின் கிருமியும் இவ்வாறே குறுகிய ஆழ்ந்த துளையைத்தான் விரும்புகிறது, அங்கே காற்றுப் புகாது. முள் தைத்த மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்திற்குள் தாடை இறுகத் தொடங்கும். மஞ்சளும் வெங்காயமும் அதன்முன் ஒன்றும் செய்யமாட்டா. செய்வது தடுப்பூசி ஒன்றே. தாய்மார்க்கும் பச்சிளங் குழந்தைகட்கும் இந்நோய் வருவதை இந்தியா ஒழித்ததென 2015ஆம் ஆண்டில் அறிவிக்கப்பெற்றது ஊசியின் பயனாலும் தூய மகப்பேற்றினாலுமேயன்றி வேறன்று. பத்தாண்டுக்கொருமுறை ஊசியைப் புதுப்பித்துக்கொள்ளல் வேண்டும். இதனைப் படிக்கும் மாணவருள் எத்தனை பேர் அவ்வாறு செய்திருப்பர்!

இனிக் கூறவேண்டுவது எமக்கு எளிதன்று.

ஆயாவுக்கு அறுபது வயதளவில் நீரிழிவு இருப்பது தெரிந்தது. மாத்திரையை ஒருநாள் உண்பாள், இருநாள் மறப்பாள். கால் மரத்துப்போகிறதென்றும், பஞ்சின்மேல் நடப்பதுபோல இருக்கிறதென்றும் ஓரிருமுறை சொன்னாள். முதுமை என்றெண்ணி வாளாவிருந்தோம். எம் தாயார் அப்போது காலணித் தொழிற்சாலையில் மேற்பகுதி தைப்பவர். அவர் கைபட்ட பாதணிகள் கப்பலேறி ஐரோப்பாவிற்கும் அமெரிக்காவிற்கும் சென்றன. அவரைப் பெற்றவளோ வெறுங்காலோடு கொல்லைக்கும் விறகுக் குவியலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். செருப்பு வாசலுக்கு வெளியே கழற்றவேண்டிய பொருள் என்பதில் அவளுக்கு ஐயமே கிடையாது.

2009ஆம் ஆண்டுப் பொங்கலின்போது யாம் விடுமுறைக்கு வந்திருந்தோம். ஆயா கால் நீட்டி உறங்குகையில், அவளது வலது உள்ளங்காலில், இரண்டாம் விரலின் கீழ், மிளகளவு ஒரு கரும்புள்ளியைக் கண்டோம். அடுப்புக்கரி ஒட்டியிருக்கிறதென எண்ணினோம். நூறு கால்களில் முள் எடுத்தவளின் காலை யாம் குனிந்து பார்த்தோமில்லை. எழுப்பிக் கேட்டிருந்தாலும் பயன் இராது, வலியில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் குனிந்து பார்த்திருக்கலாம்.

மூன்று வாரங் கழித்துக் காய்ச்சல் வந்தது. கால் வீங்கிற்று. வீட்டில் ஒரு நாற்றம் எழுந்து, எலி செத்துக் கிடக்கிறதென்று பரணெல்லாம் தேடினார்களாம். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, மருத்துவர் ஒரு நைலான் இழையை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுமாறு ஆயாவுக்குச் சொல்லி, பாதத்தின் பல இடங்களில் அது வளையுமளவு அழுத்தினார். பத்துக் கிராம் எடைக்குரிய அழுத்தம் அது. தொடும்போது ‘ஆம்’ என்று சொல்லவேண்டும். பத்து இடங்களில் இரண்டிடத்திலே மாத்திரம் ஆயா ஆம் என்றாள். மற்றைய இடங்களில் இழை வளைய வளைய, அவள் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் தொடவில்லையென்று பொறுமையாகக் காத்திருந்தாள். அதனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிள்ளைகளிடம் “இங்கேயா? இங்கேயா?” என்று கேட்ட அந்த விரல் அப்போது படுக்கை விரிப்பைப் பிடித்திருந்தது.

சீமைக்கருவேல முள் அது, அரை அங்குலத்திற்கு மேல். விறகில் வந்திருக்கவேண்டும். எலும்புவரை சீழ் பரவியிருந்தமையால் இரண்டாம் விரலை எடுத்துவிட்டனர். மயக்கம் தெளிந்தவுடன் ஆயா கேட்டது, “முள்ளைக் காட்டச் சொல், முனை இருக்கிறதா பார்க்கணும்.”

அம்மருத்துவமனை நாட்களிலேதான் எங்கள் ஊரையடுத்து நிகழ்ந்த ஒரு பெருஞ்செய்தியை யாம் முதன்முதல் கருத்தூன்றி அறிந்தோம். 1914இல் கொல்லிமலையிற் பிறந்து, 1946இல் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தவர் பால் பிராண்ட். தொழுநோய் தானே விரல்களை அழுகி உதிரச் செய்கிறதென்று அக்காலத்தில் மருத்துவருலகிலும் பலர் கருதியிருந்தனர். பிராண்டும் அவருடன் உழைத்தோரும் நோயாளிகளின் கைகால்களை நாள்தோறும் நுணுகி நோக்கி, அக்கருத்து பொருந்தாதெனக் கண்டனர். நோய் அழிப்பது நரம்பையே. நரம்பு அழிந்தபின் வலி தெரிவதில்லை. வலி தெரியாமையால் அடுப்பிற் சுட்டும், முள் தைத்தும், கருவியின் பிடி உராய்ந்தும் உண்டாகும் காயங்களை அவர்கள் பேணுவதில்லை. அக்காயங்களே விரல்களைத் தின்கின்றன. இரவில் உறங்கும்போது எலி விரலைக் கடித்தும் விழிக்காதிருந்தவர் உண்டென்று கண்டு, நோயாளிகளின் குடியிருப்புக்குப் பூனைகளை ஏற்பாடு செய்தாராம். மருந்துச் சீட்டிற் பூனையையும் எழுதியவர் அவரே போலும்!

அவர் தம்மைப் பற்றிக் கூறிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. நெடும் இரயிற் பயணத்திற்குப்பின் இலண்டனில் ஓரிரவு காலுறையைக் கழற்றியவர், தம் குதிகாலில் உணர்ச்சி இல்லாதது கண்டு திடுக்கிட்டார். குண்டூசியை எடுத்துக் குத்தினார், வலிக்கவில்லை. தமக்கும் அந்நோய் தொற்றிற்றென்று முடிவு செய்து இரவெல்லாம் உறங்காது கிடந்தார். விடிந்ததும் மீண்டும் குத்தினார். வலி சுரீரென்று ஏறிற்று. நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்தமையால் நரம்பு அழுந்தி மரத்திருந்தது, அவ்வளவே. அவ்வலியைப் போல இனியது பிறிதொன்றும் தமக்கு இருந்ததில்லை என்னும்படி மகிழ்ந்தார்.

காட்பாடியை அடுத்த கரிகிரியில் 1955இல் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும் வேலூரிலும் இவ்வறிவின் பயனாகக் காலணி செய்யும் கலை வளர்ந்தது. நுண்துளைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பர் மேலே, முள் புகாத கடினமான ரப்பர் கீழே. எம்.சி.ஆர். செருப்பு என்பர். மேலடி உடலின் சுமையைப் பாதமெங்கும் பகிர்ந்து, ஓரிடத்தில் அழுந்திப் புண்ணாகாமற் காக்கிறது. கீழடி முள்ளைத் தடுக்கிறது. தொழுநோயாளருக்கென எழுந்த இப்பாதணி இன்று நீரிழிவினாற் கால் மரத்தோர்க்கும் அளிக்கப்படுகிறது. ஆயாவின் காலை அளவெடுத்த முதியவர், அடிப்பகுதியை நகத்தாற் சுண்டிக் காட்டி, “சீமைக்கருவேலும் இதுக்குள்ளே வராதும்மா” என்றார். அவரும் ஆம்பூர்ப் பக்கத்தவரே.

வீட்டினுள் செருப்பணிவதற்கு ஆயாவை இணக்கியது எம் வாழ்நாளில் யாம் செய்த கடினமான வேலைகளுள் ஒன்று. அடுப்பங்கரைக்குள் செருப்போடு போவதா என்று ஒரு வாரம் எம்மோடு பேசவில்லை. பிறகு இரண்டு இணை வாங்கி, ஒன்று மண்ணையே மிதியாத வீட்டுச் செருப்பு என்று உடன்படிக்கை செய்துகொண்டோம். சுருக்குப்பையைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, மாலைதோறும் கால் நீட்டி வாசற்படியில் அமர்வாள். பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் நாளுக்கொருமுறை பார்க்கவேண்டுமென்று மருத்துவர் பணித்திருந்தார். எம் தங்கை பெரும்பாலும் பார்ப்பாள், ஊருக்கு வரும் நாட்களில் யாம் பார்ப்போம். அதன்பின் ஏழாண்டு உயிரோடிருந்தாள். இரண்டுமுறை முள்ளும், ஒருமுறை உடைந்த வளையற்சில்லும் அகப்பட்டன. எல்லாவற்றையும் தைத்த அன்றே எடுத்துவிட்டோம். எடுத்த முள்ளை அவள் உள்ளங்கையில் வைத்தோம். கண் தெரியாமையால் விரல் நுனியால் தடவி முனையைப் பார்ப்பாள். கை விரல்களில் உணர்ச்சி கடைசிவரை இருந்தது.

முதன்முறை அவள் காலைக் கழுவித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டபோது, பழக்கத்தினால் கட்டைவிரலைச் சுற்றிலும் அழுத்தி, “இங்கேயா ஆயா?” என்று கேட்டுவிட்டோம். அவள் சிரித்தாள்.

“எனக்கென்ன தெரியும் கண்ணு, விளக்கை இப்படிக் கிட்டக் கொண்டா” என்றாள்.